தோற்றவர்கள் கட்டிய குன்று

மலேசியாவில் கதிரியக்கக் கழிவு என்று சொன்னால் இன்றைய இளைஞர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கெபேங்கில் இருக்கும் லைனஸ் ஆலைதான். 2012ஆம் ஆண்டு நவம்பரில் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர்வரை நடந்தே வந்த பச்சைச் சட்டைக் கூட்டத்தைப் படத்திலாவது பார்த்திருப்போம். ஆனால் அந்த நடைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பேராக்கில் ஓர் ஊர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டது. கேட்டதற்காகச் சாலையில் உட்கார்ந்தது, நீதிமன்றம் போனது, சிலர் சிறைக்கும் போனார்கள். கடைசியில் வழக்கில் தோற்றது. அந்த ஊர் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் மேரா.

தோற்ற வழக்கை எதற்கு இப்போது கிளற வேண்டும்? அந்தத் தோல்வியின் விளைவாக ஒரு குன்று இருக்கிறது. கிளேடாங் மலைத்தொடரில், காட்டுக்குள், மேலே களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடிய குன்று. இந்த நாட்டில் கதிரியக்கக் கழிவை நெடுங்காலம் பத்திரமாக வைப்பது என்றால் என்ன என்பதற்குக் கிடைத்த முதல் பெரிய விடை அது. அந்த விடையை நிபுணர்கள் மட்டும் எழுதவில்லை என்பதுதான் கதை.

ஈயம் போனது, மண் நின்றது

கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் வளர்ந்தது. (நம் ஊர்த் தமிழில் ஈயம் என்றால் வெள்ளீயம், மற்றது காரீயம்.) ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு கனமான கறுப்பு மணல் ஒன்று மிஞ்சும். மலாயில் அதற்கு அமாங் என்று பெயர். நீண்ட காலம் அது யாருக்கும் வேண்டாத மண். பிறகுதான் அதற்குள் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும், மோனசைட்டுக்குள் அரிய மண் உலோகங்கள் இருப்பதும் காசாக மாறின. வண்ணத் தொலைக்காட்சியில் தெரியும் சிவப்புக்கு இட்ரியம் வேண்டும், யூரோப்பியம் வேண்டும். எழுபதுகளில் வண்ணத் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு நுழைந்தது. அந்தச் சிவப்பில் ஒரு துளி நம் ஈயக் குட்டைகளிலிருந்தும் போயிருக்கும்.

மோனசைட் தமிழருக்குப் புதிதல்ல. குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி மணலிலும் இதே கனிமம் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் அதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர்கள் தேடியது அரிய மண்ணை அல்ல, தோரியத்தை. எரிவாயு விளக்கின் வலைத்திரி வெள்ளையாக ஒளிரத் தோரியம் தேவைப்பட்டது. மின்விளக்கு வந்து அந்தச் சந்தையைச் சாய்த்தது. அதன்பிறகு மோனசைட்டை உடைக்கிறவர்களுக்குத் தோரியம் தலைவலியாகிவிட்டது. ஒரு காலத்தின் சரக்கு அடுத்த காலத்தின் கழிவு. இந்தக் கதை முழுக்க இந்தச் சொல் மாற்றம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

1979இல் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் பதிவானது. ஜப்பானின் மித்சுபிஷி கெமிக்கலுக்கும் உள்ளூர் பெ மினரல்ஸ் நிறுவனத்துக்கும் தலா 35 விழுக்காடு பங்கு. தாபோங் ஹாஜிக்கும் அதில் பங்கு இருந்தது. 1982இல் புக்கிட் மேராவில் ஆலை ஓடத் தொடங்கியது. அவசரகாலத்தில் மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய சீனப் புதுக்கிராமம் அது. வீடுகள், பள்ளி, காய்கறித் தோட்டம், அவற்றோடு ஆலையும்.

எங்கே வைப்பது?

ஆலை மோனசைட்டை அமிலத்தில் உடைக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு தோரியம் ஹைட்ராக்சைடு என்ற கூழ் மிஞ்சும். பேராக் அரசாங்கத்தின் கணக்கில் அது கழிவு அல்ல. வருங்காலத்தில் அணு உலைக்கு எரிபொருளாகக்கூடிய சொத்து. அதனால் தொலைப்பது பற்றிப் பேச்சு இல்லை, சேமித்து வைப்பது பற்றித்தான் பேச்சு. சொத்து என்று பெயர் வைத்துவிட்டால் அவசரமும் போய்விடுகிறது, அச்சமும் போய்விடுகிறது. ஆனால் எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்கு விடை முடிவாகும் முன்பே ஆலை ஓட ஆரம்பித்துவிட்டது. கதையின் முதல் தவறு இதுதான். முதலில் பாரிட்டில் இடம் பார்த்தார்கள். ஊர்மக்கள் எதிர்த்தார்கள், கைவிடப்பட்டது. அடுத்து பாப்பான்.

பாப்பானை இலக்கிய வாசகர்கள் வேறு காரணத்துக்காக அறிந்திருக்கலாம். ஜப்பானியர் ஆட்சியில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் வைத்து, மலையிலிருந்து இறங்கி வந்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்த சிற்றூர் அது. ஒரு காலத்தில் ஈயத்தால் செழித்து, பிறகு பழங்கடை வரிசையோடு தூங்கிப்போன ஊர். தூங்குகிற ஊரில் குழி வெட்டினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

கேட்டார்கள். 1983இன் கடைசியில் குழிகள் தயாராவது தெரியவந்தது. 1984 மே மாதத்தில் பாப்பானையும் சுற்று ஊர்களையும் சேர்ந்த 6,700 பேர் கையெழுத்திட்டு அரசாங்கத்துக்கு மனு அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் ஏறத்தாழ 200 பேர் குழிகளுக்குப் போகும் சாலையை மறித்தார்கள். ஜூலை முதல் தேதி வந்த கூட்டம் 3,000. பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். எதிரே கலகத் தடுப்புப் போலீஸ்.

பாதுகாப்புக்கு எல்லா ஏற்பாடும் செய்தாகிவிட்டது என்றது அரசாங்கம். மக்கள் அதை நம்பவில்லை. கடைசியில் அரசாங்கமே அனைத்துலக அணுசக்தி முகமையின் நிபுணர்களை அழைத்தது. குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். 1985 ஜனவரியில், தற்காலிகப் பிரதமராக இருந்த மூசா ஹீத்தாம் இடம் மாற்றப்படுவதை அறிவித்தார். புதிய இடம் கிளேடாங் மலைத்தொடரில் உள்ள முக்கிம் பெலாஞ்சா.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நிபுணர் வரும்வரை குழி பாதுகாப்பானது என்றுதான் சொல்லப்பட்டது. நிபுணரை வரவழைத்தது சாலையில் உட்கார்ந்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தோரியம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்? எனக்குத் தெரிந்தவரை, அன்றைக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மழை பெய்கிற ஊரில் மண்ணைத் தோண்டி எதையாவது வைத்தால் என்ன ஆகும் என்பது தோட்டக்காரனுக்குத் தெரியும்.

1,405 கோடி ஆண்டுகள்

நாம் தோரியத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். தோரியம்-232இன் அரைவாழ்வு 1,405 கோடி ஆண்டுகள். அதாவது இன்று ஒரு கிலோ இருந்தால், அது அரைக் கிலோவாகக் குறைய அவ்வளவு காலம் ஆகும். பூமியின் வயதே ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள்தான். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி. கடைசியில் அது காரீயமாகி ஓயும். ஈயத்தில் தொடங்கிய கதை காரீயத்தில் முடிகிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அதைப் பார்க்க யாரும் இருக்கமாட்டோம்.

இந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவது சுலபம். ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். அரைவாழ்வு நீண்டது என்றால் சிதைவு மெதுவானது என்றும் பொருள். பாறைக்குள் கிடக்கும் தோரியம் பெரிய ஆபத்தில்லை. அதன் ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், நம் தோலே தடுத்துவிடும். சிக்கல் பாறையை உடைத்து, செறிவாக்கி, தூளாகவோ கூழாகவோ மாற்றிய பிறகு ஆரம்பிக்கிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் ஆல்ஃபா கதிரைத் தடுக்க அங்கே தோல் கிடையாது. தோரியம் சிதையும் வழியில் ரேடியம் பிறக்கிறது, தோரான் என்ற வாயு பிறக்கிறது. தோரானின் அரைவாழ்வு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் அது வாயு. அந்த நேரத்துக்குள் காற்றில் கலந்துவிடும்.

ஆகவே பாதுகாப்பு என்பது இங்கே மந்திரம் இல்லை. பாறையிலிருந்து பிரித்ததைத் திரும்பவும் பாறை மாதிரி ஆக்க வேண்டும். தூள் பறக்கக்கூடாது, கூழ் கசியக்கூடாது, மழைநீர் தொடக்கூடாது, யாரும் தெரியாமல் தோண்டிவிடக்கூடாது. சிமெண்டில் இறுக்குவது, களிமண்ணால் மூடுவது, மேலே கல் அடுக்குவது, வீடுகளிலிருந்து விலகி வைப்பது எல்லாம் இதற்குத்தான். ஒரு தடுப்பு தோற்றால் அடுத்தது தாங்க வேண்டும். வழி புதிரல்ல. செலவுதான் புதிராக இருந்தது, அதாவது யார் தலையில் அது விழும் என்பது.

நீதிமன்றத்தில் பத்தாண்டு

பாப்பான் தப்பித்தது. ஆனால் கூழ் புக்கிட் மேராவிலேயே இருந்தது. ஜப்பானிலிருந்து வந்த பேராசிரியர் சடாவ் இச்சிகாவா ஆலையைச் சுற்றி அளந்து பார்த்து, கதிரியக்கம் ஆபத்தான அளவில் இருப்பதாகச் சொன்னார். 1985 பிப்ரவரி முதல் தேதி, புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஊர் சார்பாக ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதே தேதியில்தான் நாட்டின் அணுசக்தி உரிமச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கு முன்பே ஆலை வந்துவிட்டது, பாருங்கள்.

அக்டோபரில் தடையுத்தரவு கிடைத்தது. போதுமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யும்வரை கழிவை உண்டாக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது என்றது நீதிமன்றம். 1987 பிப்ரவரியில் புதிய அணுசக்தி உரிம வாரியம் ஆலைக்கு உரிமம் கொடுத்தது. மறுபடி ஊர்வலம், மறுபடி போலீஸ். செப்டம்பரில் விசாரணை தொடங்கியது.

மக்களின் வழக்கறிஞர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தோடும் சஹாபாட் ஆலாம் மலேசியாவோடும் சேர்ந்து உழைத்த தமிழ்ப் பெண். விசாரணை தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 27ஆம் தேதி ஓப்பராசி லாலாங். நாடு முழுக்க நூற்றுக்கும் அதிகமானவர்களை விசாரணையின்றிப் பிடித்துப் போட்டார்கள். அரசியல்வாதிகள், சீனக் கல்விப் போராளிகள், சமயக்காரர்கள் பெயர்களை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அந்தப் பட்டியலில் புக்கிட் மேரா எதிர்ப்புக் குழுவின் தலைவர் ஹியூ யூன் தாட்டும் இருந்தார். மீனாட்சியும் இருந்தார். நடந்துகொண்டிருக்கும் வழக்கின் வழக்கறிஞரே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளே. லாலாங் பற்றி எழுதும்போது நம் ஆட்கள் இதை ஒரு வரியாகக்கூடச் சொல்வதில்லை.

வழக்கு நிற்கவில்லை. இரண்டு ஆண்டுக்கும் மேல் இழுத்து 1990 பிப்ரவரியில் விசாரணை முடிந்தது. 1992 ஜூலை 11ஆம் தேதி நீதிபதி பே சுவீ சின் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார்: 14 நாட்களில் ஆலையை மூட வேண்டும். ஏழாண்டுக்கும் மேலான காத்திருப்பு. முதல் மனுதாரர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். சட்ட அறிக்கைகளில் இந்த வழக்கின் தலைப்பைத் தேடிப் பாருங்கள், அவர் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'காலமானவர்' என்று இருக்கும்.

மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் மூடல் உத்தரவை நிறுத்திவைத்தது. 1993 டிசம்பர் 23ஆம் தேதி தீர்ப்பையே மாற்றியது. கதிரியக்கம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்ற நிபுணர் சாட்சியத்தை அது ஏற்றுக்கொண்டது. குறை இருந்தால் மக்கள் முதலில் உரிம வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னது. உரிமம் கொடுத்தவரிடமே போய் முறையிடு என்பதுதான் அதன் சுருக்கம்.

சட்டப்படி ஊர் தோற்றுவிட்டது. ஆனால் நான்கு வாரத்துக்குள், 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. ஜெயித்தவன் ஏன் கடையை மூடுகிறான்? பத்தாண்டு எதிர்ப்பும், ஜப்பானிலேயே எழுந்த கேள்விகளும், கெட்டுப்போன பெயரும் ஒரு கணக்கில் வரும். அந்தக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை.

80,000 பீப்பாய்கள்

ஆலை மூடினால் கழிவு மறைந்துவிடாது. 2011இல் லைனஸ் விவகாரம் சூடு பிடித்தபோதுதான், நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் மூலம் உலகம் புக்கிட் மேராவின் மிச்சக் கதையைப் படித்தது. சத்தமில்லாமல் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவில் அங்கே சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. கதிரியக்கம் படிந்த பொருட்களை 11,000 லோரிச் சுமைகளாக அகற்றியிருந்தார்கள். ஆலை மட்டுமல்ல, அதன் அடியிலிருந்த மண்ணையும் பாறை தட்டுப்படும்வரை, சில இடங்களில் 25 அடி ஆழம்வரை, அள்ளிவிட்டார்கள். காட்டுக்குள் ஒரு குன்றின் தலையை வெட்டி, உள்ளே கழிவை வைத்து, 20 அடிக்கும் மேலான களிமண்ணாலும் கருங்கல்லாலும் மூடினார்கள். அதோடு 80,000க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்கள். அவற்றில் இருந்ததைச் சிமெண்டும் ஜிப்சமும் கலந்து இறுக்கி அதே குன்றில் வைப்பது திட்டம்.

சாதாரணக் குழிகள் போதும் என்று 1984இல் சொல்லப்பட்ட பொருளுக்குத்தான் இத்தனையும். இரண்டுக்கும் நடுவில் தோரியம் மாறவில்லை. மாறியது எதைப் போதும் என்று ஏற்றுக்கொள்வோம் என்பது. அதை மாற்றியவர்கள் வழக்கில் தோற்றவர்கள்.

ஊர் என்ன விலை கொடுத்தது? சுமார் 11,000 பேர் வாழ்ந்த சமூகத்தில் ஐந்தாண்டுக்குள் எட்டு ரத்தப் புற்றுநோய் நோயாளிகள், அவர்களில் ஏழு பேர் இறந்தார்கள் என்று அதே நாளிதழ் எழுதியது. புக்கிட் மேராவின் குழந்தைகளைப் பரிசோதித்த மருத்துவர்களில் நம்மவரான டாக்டர் ஜெயபாலன் ஒருவர். நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. உச்ச நீதிமன்றமும் ஊரின் வாதத்தை ஏற்கவில்லை. சிறிய ஊரில் சில நோயாளிகளை வைத்துக் காரணத்தை நிறுவுவது அறிவியலில் மிகக் கடினம். ஆனால் அந்தக் கடினத்தின் பலன் எப்போதும் ஒரே பக்கம்தான் போய்ச் சேர்கிறது. சந்தேகத்தின் பலன் ஆலைக்கு, சந்தேகம் மட்டும் தாய்க்கு.

யார் நினைவில் வைத்திருப்பது?

குன்று மூடியாகிவிட்டது. இனி என்ன? தொழில்நுட்பத்தின் வேலை முடிகிற இடத்தில் வரலாற்றின் வேலை ஆரம்பிக்கிறது.

பாப்பானில் மக்கள் சாலையை மறித்த அதே 1984இல், அமெரிக்காவில் தாமஸ் செபியோக் என்ற குறியியல் அறிஞர் ஓர் அறிக்கை எழுதினார். அணுக்கழிவு புதைத்த இடத்தைப் பற்றி 10,000 ஆண்டுக்குப் பிறகு வரும் மனிதருக்கு எப்படி எச்சரிக்கை சொல்வது என்பது அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. எந்த மொழியும் அவ்வளவு காலம் தாங்காது, ஆகவே மூன்று தலைமுறைக்கு ஒருமுறை செய்தியைப் புதிதாக எழுத வேண்டும் என்றார் அவர். அதைக் காக்க அணுப் பூசாரிகள் மாதிரி ஒரு கூட்டம் வேண்டும், கதையும் சடங்கும் வேண்டும் என்றுகூட யோசனை சொன்னார். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நம் மொழியையே பார்ப்போம். மாங்குளம் குகையில் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்துகள் 1882இல் கண்ணில் பட்டன. அவை தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சொல்லும்வரை தமிழருக்கே அது தமிழென்று தெரியாது. கல் இருந்தது, எழுத்து இருந்தது, மொழியும் உயிரோடு இருந்தது. இடையில் வாசிக்கும் பழக்கம் மட்டும் அறுந்துபோனது. தோரியத்தின் கணக்கில் 2,200 ஆண்டு ஒரு கண்ணிமைப்பு.

ஃபின்லாந்தில் ஓல்கிலுவோத்தோ தீவில் 400 மீட்டருக்கும் கீழே, ஏறக்குறைய 190 கோடி ஆண்டு பழைய பாறைக்குள், ஓங்கலோ என்ற சுரங்கத்தைக் குடைந்திருக்கிறார்கள். அங்கே வைக்கப்போவது அணு உலையின் எரிபொருள், நம் தோரியத்தைவிடப் பல மடங்கு கடுமையானது. அந்த ஆழத்தை நம் குன்றோடு ஒப்பிடுவது சரியல்ல. ஆனால் ஒரு வேறுபாடு உறைக்கிறது. இந்த இடத்தில்தான் வைக்கப்போகிறோம் என்று அங்கே முதலில் ஊராட்சியிடம் கேட்டார்கள், மறுக்கும் உரிமை ஊராட்சிக்குச் சட்டப்படி இருந்தது. பாப்பான் தன் மறுப்பைச் சாலையில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான் 2012இல் கெபேங்கில் லைனஸ் உற்பத்தியைத் தொடங்கியபோது, கழிவை நிரந்தரமாக எங்கே வைப்பது என்ற கேள்விக்கு முடிவில்லாமல் இருந்தது பலருக்கு ஆத்திரமூட்டியது. அங்குள்ள கழிவில் தோரியத்தின் செறிவு புக்கிட் மேராவைவிட மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் அளவு மிக அதிகம், வரிசை மட்டும் அதே வரிசை. ஆலை முதலில், இடம் பிறகு. முப்பதாண்டில் பாடம் மறந்துபோக ஒரு தலைமுறை போதுமாக இருந்திருக்கிறது.

செபியோக் மூன்று தலைமுறை என்றார். 1984இல் சாலையில் உட்கார்ந்தவர்கள் முதல் தலைமுறை. அவர்கள் பேசியது சீன மொழிகள், மலாய், கொஞ்சம் தமிழ். அந்தக் கதையைத் தமிழில் நாம் எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம்? தோட்டத்துத் துயரை எழுதினோம், சயாம் மரண ரயிலை எழுதினோம். பக்கத்து ஊர் சீனக் கிழவியும் ஒரு தமிழ் வழக்கறிஞரும் ஒரே வழக்கில் நின்றதை எழுத நமக்கு ஏனோ தோன்றவில்லை. அது நம் கதை இல்லை என்று நினைத்திருப்போம். கிளேடாங் மலையில் பெய்கிற மழை கிந்தா பள்ளத்தாக்குக்குத்தான் இறங்குகிறது. கீழே எல்லாரும் இருக்கிறோம்.